டோய் மோய்க்குப் பின் வியட்நாமில் பெண்களும் சந்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் பறக்கத் தொடங்கியது. அதில் ஏறிப் போய்த் திரும்பும் நம்மவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் பெண், மீன் அறுப்பவரும் பெண், தெருவில் கூடை சுமப்பவரும் பெண். பார்த்தது சரி. ஆனால் அதிலிருந்து, பொருளாதாரச் சீர்திருத்தம் வியட்நாமியப் பெண்களை வீட்டிலிருந்து சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. அவர்கள் சந்தையில் முன்பே இருந்தார்கள். சந்தைக்கு மதிப்பு வந்தபிறகு அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே இந்தப் பக்கத்தின் பொருள்.

டோய் மோய் என்பது என்ன?

'புதுப்பித்தல்' என்று பொருள். 1986 டிசம்பரில் கூடிய வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாடு, நுயென் வான் லின்னைப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்து, சந்தைப் பொருளாதாரத்தை நோக்கித் திரும்பியது. அந்த ஆண்டு பணவீக்கம் 700 சதவீதத்துக்கும் மேல். அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் ரேஷன் சீட்டுக்குத்தான் கிடைத்தன. அந்தக் காலத்தை மக்கள் இன்றும் 'மானியக் காலம்' என்றே நினைவுகூர்கிறார்கள். அதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. 1987 இறுதியில் அந்நிய முதலீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1988 இல் கட்சியின் பத்தாம் தீர்மானம், கூட்டுப்பண்ணையை விடுத்துக் குடும்பத்தையே வேளாண்மையின் அடிப்படை அலகாக ஏற்றது. முன்பு அரிசி இறக்குமதி செய்த நாடு 1989 இல் உலகின் பெரிய அரிசி ஏற்றுமதியாளர்களில் ஒன்றாகிவிட்டது. 1994 இல் அமெரிக்கா வணிகத்தடையை நீக்கியது; 2007 இல் உலக வணிக அமைப்பில் வியட்நாம் சேர்ந்தது.

சீர்திருத்தத்துக்கு முன்பே வணிகம் பெண்கள் கையில் இருந்தது ஏன்?

அது தாழ்ந்த தொழிலாகக் கருதப்பட்டதால்தான். கன்பூசிய மரபில் சமூகத்துக்கு நான்கு படிகள்: கற்றவர், உழவர், கைவினைஞர், வணிகர். கடைசிப் படியில் நிற்பதை ஆண் விரும்பவில்லை. அவன் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான், சில வேளைகளில் தலை நரைக்கும்வரை. மனைவி ஆற்றங்கரைச் சந்தையில் விற்று அவனுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போடுவாள். கடைசித் தேர்வு 1919 இல் ஹுயே நகரில் நடந்து முடிந்தது. தேர்வு ஒழிந்தபின்னும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை.

பெண்ணுக்கு 'மூன்று பணிவுகள்' விதிக்கப்பட்டிருந்தன: பிறந்த வீட்டில் தந்தைக்கு, மணந்தபின் கணவனுக்கு, கணவன் இறந்தபின் மகனுக்கு. உழைப்பு, தோற்றம், பேச்சு, நடத்தை ஆகிய நான்கு குணங்களும் அவளிடம் எதிர்பார்க்கப்பட்டன. சந்தையில் உரக்கப் பேரம் பேசுகிறவள் இவற்றில் மூன்றையாவது மீறியாக வேண்டும்! வியாபாரியை இகழ்ந்து சொல்லும் 'கொன் புவோன்' என்ற சொல்லில் வரும் 'கொன்', விலங்குகளின் பெயருக்கு முன்னால் இடப்படும் சொல். அந்த வசை பெண் வியாபாரிகள்மீதே அதிகம் வீசப்பட்டது.

அமெரிக்காவுடனான போர்க்காலத்தில் பெண்களின் சுமை இன்னும் கூடியது. 1965 இல் வடக்கு வியட்நாமில் மகளிர் சங்கம் தொடங்கிய 'மூன்று பொறுப்புகள்' இயக்கம், ஆண்கள் போர்முனைக்குப் போனபின் உற்பத்தி, குடும்பம், உள்ளூர்ப் பாதுகாப்பு மூன்றையும் பெண்களின் தலையில் வைத்தது.

குடும்பம் பொருளாதார அலகானதால் பெண்களுக்கு நன்மையா?

நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. இழப்பு எங்கே நேர்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கூட்டுப்பண்ணைக் காலத்தில் பெண்ணுக்கு அவள் பெயரிலேயே உழைப்புப் புள்ளிகள் பதிவாயின. ஆணுடைய வேலைக்கு அதிகப் புள்ளி தரும் வழக்கம் இருந்தது உண்மைதான். ஆயினும் கணக்கேட்டில் அவள் தனி ஆளாக இருந்தாள். பண்ணையோடு சேர்ந்து குழந்தைகள் காப்பகமும் ஊர் மருத்துவ நிலையமும் இயங்கின. 1988 க்குப் பின் பண்ணைகள் கலைந்தபோது அவற்றின் வருவாயில் நடந்த காப்பகங்களில் பலவும் மூடப்பட்டன. குழந்தையைப் பார்க்கும் வேலை தாயிடமும் பாட்டியிடமும் திரும்பி வந்தது. வயல் வேலைக்கோ பொழுதுபோன பிறகு செய்யும் சில்லறை வியாபாரத்துக்கோ குறைவில்லை. இவை எல்லாம் இப்போது 'குடும்பத்தின்' உழைப்பாகிவிட்டதால் யாருடைய உழைப்பு எவ்வளவு என்ற கேள்வியே எழாமல் போயிற்று.

நிலத்திலும் இதே கதைதான். நிலம் அரசுக்குச் சொந்தம். மக்களுக்கு உரியது பயன்பாட்டு உரிமை மட்டுமே. அந்த உரிமையை விற்கவும் அடகு வைக்கவும் வாரிசுக்குக் கொடுக்கவும் 1993 ஆம் ஆண்டின் நிலச்சட்டம் வழிசெய்தது. அதற்கான பட்டாவை அதன் அட்டையின் நிறத்தால் 'சிவப்புப் புத்தகம்' என்பார்கள். அதில் பெயர் எழுத ஓர் இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் குடும்பத் தலைவராகக் கணவரின் பெயர் ஏறியது. வங்கிக்குப் போனால் அடமானப் பத்திரம் அவர் பெயரில். மணமுறிவு ஏற்பட்டால், கணவரின் ஊருக்கு வாழவந்த பெண்ணின் கையில் ஒரு காகிதமும் இல்லை. 2000 ஆம் ஆண்டின் திருமணச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் நிலச்சட்டமும் இருவர் பெயரையும் எழுதவேண்டும் என்றாக்கின. இடைப்பட்ட பத்தாண்டுகளில் கொடுத்த பட்டாக்களை மாற்றிக்கொள்வது அவரவர் முயற்சிக்கு விடப்பட்டது. மாமியார் வீட்டில் இருந்துகொண்டு 'என் பெயரையும் சேருங்கள்' என்று ஒரு மருமகள் கேட்பது எவ்வளவு எளிது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலைகள் பெண்களின் நிலையை மாற்றினவா?

ஆடை, காலணி, மின்னணுப் பொருள் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். வேலையில் உள்ள பெண்களின் விகிதத்தில் வியட்நாம் உலகில் முன்வரிசையில் நிற்கிறது. 2013 முதல் பேறுகால விடுப்பு ஆறு மாதம். கிராமத்துப் பெண் தன் பெயரில் மாதச் சம்பளம் பெற்றதும், தம்பியைப் படிக்கவைத்ததும், திருமணத்தைத் தள்ளிப்போட்டதும் சிறிய மாற்றங்கள் அல்ல.

ஆனால் அந்த வேலை இளமைக்கு மட்டும் உரியது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை ஏதேனும் ஒரு வழியில் வெளியே அனுப்பும் போக்கு அங்கே பரவலாகப் பேசப்பட்ட பிரச்சினை. 2015 மார்ச்சில் ஹோ சி மின் நகரத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், பல்லாயிரக்கணக்கில், பெரும்பாலும் பெண்கள், வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். சம்பளத்துக்காக அல்ல. வேலையை விட்டதும் சமூகக் காப்பீட்டுப் பணத்தை மொத்தமாக எடுக்கும் வாய்ப்பை ஒரு புதிய சட்டம் நிறுத்தப்போகிறது என்பதே கோபத்தின் காரணம். ஓய்வூதிய வயது எங்கோ இருக்கிறது. அதுவரை யார் வேலை தருவார்கள்? அந்தப் பணம் கையில் வந்தால் ஊரில் ஒரு சிறுகடை வைக்கலாம் என்பதுதான் பலரின் கணக்கு. தேசிய சட்டமன்றம் சில மாதங்களில் இறங்கிவந்தது. ஆலையின் பெருவாயில் வழியாக உள்ளே போன பெண் சந்தையின் சிறுவாயில் வழியாகவே வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்தப் போராட்டத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பென் தான் சந்தையின் கடைக்காரப் பெண்கள் நல்ல வருமானம் உள்ளவர்களாகத் தெரிகிறார்கள். ஆனால் கேட்டால் 'வயிற்றுப்பாட்டுக்கு விற்கிறோம்' என்கிறார்களே?

இது ஆழமான கேள்வி. பதிலும் சற்று நீளமானது.

சைகோனின் (இன்றைய ஹோ சி மின் நகரத்தின்) மையத்தில் 1914 இல் திறக்கப்பட்டது அந்தச் சந்தை. 1975 இல் போர் முடிந்தபின் தெற்கின் வணிகர்கள் 'முதலாளி வர்க்கம்' என்று முத்திரை குத்தப்பட்டார்கள். 1978 மார்ச்சில் தனியார் வணிகமே ஒழிக்கப்பட்டபோது கடைகளும் கிடங்குகளும் சோதனையிடப்பட்டன, சரக்குகள் கைப்பற்றப்பட்டன. சோலோன் பகுதியின் சீன வணிகக் குடும்பங்கள் பல, படகேறி நாட்டைவிட்டே போயின. பணம் இருப்பது தெரிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தாய்மார்களும் மகள்களும் கண்ணால் கண்ட காலம் அது.

எனவே டோய் மோய்க்குப் பின்னும் அவர்கள் தங்களை 'தியூ துவோங்', அதாவது சிறுவணிகர், என்றே சொல்லிக்கொண்டார்கள். கணக்கு வழக்குத் தெரியாத பெண், பிள்ளைகளுக்காகப் பாடுபடும் தாய், அன்றாடம் விற்று அன்றாடம் உண்பவள் என்ற வேடத்தில் வரி அதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் முன்னால் நின்றார்கள். வேடம் என்றதால் பொய் என்று பொருளில்லை. ஒருவர் நீண்டகாலம் அணிந்த உடுப்பு அவருடைய தோலாகிவிடுவதும் உண்டு. இதில் ஒரு விலையும் இருக்கிறது. பெரிய முதலீட்டோடு வந்த ஆண் தன்னைத் 'தொழிலதிபர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, அதே அளவு சரக்கைப் புரட்டும் பெண் 'சந்தைக்காரி'யாகவே நின்றுவிடுகிறாள். பாதுகாப்புக்காகப் பூண்ட எளிமை, அவளுக்கு வங்கிக்கடனும் மரியாதையும் கிடைக்கவிடாமல் மறித்தது.

வங்கி தராததை ஒருவருக்கொருவர் தந்துகொண்டார்கள். தெற்கில் 'ஹுய்' என்றும் வடக்கில் 'ஹோ' என்றும் அழைக்கப்படுவது நம் ஏலச்சீட்டேதான்: மாதாமாதம் பணம் போடுவது, அவசரம் உள்ளவர் தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு எடுப்பது, சில வேளைகளில் சீட்டு நடத்தியவர் இரவோடு இரவாகக் காணாமல் போவது வரை எல்லாம் அப்படியே. 2006 இல் அரசு இதற்கென ஓர் ஆணை பிறப்பித்து, 2019 இல் அதைப் புதுப்பித்தது.

இன்னொரு தமிழ்த் தொடர்பும் சொல்லத் தக்கது. பென் தான் சந்தையிலிருந்து சில நிமிட நடையில், துருவோங் டின் தெருவில், காலனிக் காலத்தில் இங்கு குடியேறிய தமிழர்கள் வழிபட்ட மாரியம்மன் கோவில் இருக்கிறது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும்தான். சந்தைப் பெண்களுக்கு அம்மன் அந்நியம் ஆகவில்லை.

வணிகத்துக்கென்று தெய்வம் உண்டா?

உண்டு. வடக்கே பாக் நின் மாகாணத்தில் 'பா சுவா கோ' என்ற களஞ்சிய நாயகியின் கோவில் இருக்கிறது. அரசின் தானியக் களஞ்சியத்தைக் காத்த பெண் தெய்வமானாள் என்பது ஊர்க்கதை. சந்திரப் புத்தாண்டு முடிந்ததும் வியாபாரிகள் அங்கே போய் அவளிடம் 'கடன்' கேட்பார்கள்; ஆண்டு இறுதியில் வட்டியோடு திருப்பித்தர வேண்டும், காகிதக் காணிக்கைகளாகவும் நிவேதனமாகவும். மானியக் காலத்தில் மூடநம்பிக்கை என்று அதிகாரிகள் முகம் சுளித்த இத்தகைய வழிபாடுகள் 1990களில் பெருங்கூட்டத்தோடு திரும்பிவந்தன. அந்த நாட்டின் தாய்த்தெய்வ வழிபாட்டை 2016 இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. கடன் கொடுக்கும் வங்கி தொலைவில் இருக்கும்போது, கடன் கொடுக்கும் தெய்வத்துக்குக் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை.

தோளில் மூங்கில் தண்டும் இரு கூடைகளுமாக ஹனோயில் விற்பவர்கள் யார்?

பெரும்பாலும் செவ்வாற்றுப் படுகையின் கிராமங்களிலிருந்து வரும் மணமான பெண்கள். நடவுக்கும் அறுவடைக்கும் ஊர் திரும்பி, மற்ற மாதங்களில் நகரத்தில் ஒரே அறையில் பலர் சேர்ந்து தங்கி, விடியுமுன் மொத்தச் சந்தையில் பழமும் காய்கறியும் எடுத்து விற்கிறார்கள். பிள்ளைகளைக் கணவரும் பாட்டியும் பார்த்துக்கொள்கிறார்கள். 'ஹோ காவ்' என்ற குடும்பப் பதிவேட்டு முறை நீண்டகாலம் அவர்களை நகரத்தின் தற்காலிக ஆட்களாகவே வைத்திருந்தது. அந்தத் தாள் பதிவேடு 2023 தொடக்கத்தில்தான் ஒழிந்தது. 2008 ஜூலையில் ஹனோய் நிர்வாகம் 62 தெருக்களில் தெருவியாபாரத்தைத் தடைசெய்தது. அதே கூடைக்காரப் பெண்ணின் கூம்புத்தொப்பி உருவம் சுற்றுலாச் சுவரொட்டிகளில் தொடர்ந்து புன்னகைத்தது.

வீட்டுப் பணப்பெட்டியின் சாவி மனைவியிடம் இருக்கும் என்கிறார்களே, அது அதிகாரம் இல்லையா?

ஓரளவுக்கு அதிகாரம்தான். மனைவியை 'உள்வீட்டுத் தளபதி' என்பது வழக்கு. கணவர் சம்பளத்தை அவளிடம் கொடுத்துவிட்டுச் செலவுக்கு வாங்கிக்கொள்வது பல குடும்பங்களில் நடப்பதே. ஆனால் போதாத பணத்தை நிர்வகிப்பது பொறுப்பே தவிர அதிகாரம் அன்று. வீடு வாங்குவது, நிலம் விற்பது போன்ற பெரிய முடிவுகளில் தளபதிக்கு மேல் மன்னர் ஒருவர் இருப்பார்.

'ஆண் வீட்டைக் கட்டுகிறான், பெண் கதகதப்பான கூட்டைக் கட்டுகிறாள்' என்பது அங்கே எல்லோர் வாயிலும் வரும் சொல். 1930 இல் நிறுவப்பட்டு இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட மகளிர் சங்கம், சீர்திருத்தத்துக்குப் பின் இரண்டு குரல்களில் பேசியது. ஒரு பக்கம் வங்கதேசத்தின் கிராமின் முறையில் 1992 இல் சிறுகடன் நிதி தொடங்கிப் பல ஏழைப் பெண்களுக்குத் தொழில் முதல் கொடுத்தது. மறுபக்கம் மகிழ்ச்சியான குடும்பத்தைக் காப்பது பெண்ணின் கடமை என்று பிரச்சாரம் செய்தது. அலுவலகத்தில் திறமை, வீட்டிலும் திறமை என்ற முழக்கம் 1989 இல் பெண் ஊழியர்களுக்கென எழுந்தது. ஆண்களுக்கு அப்படி ஒரு முழக்கம் எழவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2007 இல் நிறைவேறியபின்னும், ஊர்ச் சமரசக் குழுக்கள் 'பொறுத்துப் போ' என்று மனைவிக்கே அறிவுரை சொல்வது நின்றுவிடவில்லை.

அழகுப் போட்டிகளும் 'ஆவ் ஸாய்' உடையும் எப்படித் திரும்பி வந்தன?

வேகமாக வந்தன. முதல் தேசிய அழகிப் போட்டி 1988 இல், இளைஞர் அமைப்பின் பத்திரிகை ஒன்றின் ஏற்பாட்டில் நடந்தது. 1975 க்குப் பின் வீண் ஆடம்பரம் என்று ஒதுங்கியிருந்த ஆவ் ஸாய் (கால்சட்டைமேல் அணியும் நீண்ட அங்கி), விமானப் பணிப்பெண்ணுக்கும் வங்கி ஊழியருக்கும் வெள்ளை நிறத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவிக்கும் சீருடையாயிற்று. நாட்டின் பண்பாட்டைப் பெண்ணுடல் சுமக்க, அதே அலுவலகத்தின் ஆண் மேற்கத்திய உடையில் வந்து உட்கார்ந்தான்.

இதன் இருண்ட பக்கம் 'பியா ஓம்', அதாவது 'அணைப்பு பீர்' கடைகள். கராவோகே அறைகளிலும் இக்கடைகளிலும் ஆண்கள் ஒப்பந்தம் பேசினார்கள். மது ஊற்றித் தந்த பெண்கள் 1995 இறுதியில் தொடங்கிய 'சமூகத் தீமைகள்' ஒழிப்பு இயக்கத்தின் இலக்கானார்கள். பிடிபட்ட பாலியல் தொழிலாளர்களை மறுவாழ்வு மையங்களில் அடைக்கும் முறை 2012 ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் கைவிடப்பட்டது.

பெண்கள் சம்பாதிப்பதால் மகன்மீதான மோகம் குறைந்ததா?

குறையவில்லை. 'ஒரு மகன் இருந்தால் உண்டு என்று எழுது, பத்து மகள் இருந்தாலும் இல்லை என்று எழுது' என்ற பழமொழிக்கு ஸ்கேன் கருவி புதிய கை கொடுத்தது. 1988 இல் இரண்டு பிள்ளைக் கொள்கை வந்தது. சிறிய குடும்பத்தில் ஒரு மகனாவது வேண்டும் என்ற நெருக்கடி கூடியது. கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது 2003 இல் தடைசெய்யப்பட்டும், 2019 கணக்கெடுப்பில் 100 பெண் குழந்தைகளுக்கு 111.5 ஆண் குழந்தைகள் பிறந்திருந்தன. முன்னோர் வழிபாட்டை மகனே தொடர வேண்டும் என்ற எண்ணம் வலுவாக உள்ள வடக்கில் இந்த வேறுபாடு அதிகம். இரண்டு பிள்ளைக் கட்டுப்பாடு 2025 ஜூனில் நீக்கப்பட்டது. அதற்குக் காரணம் பெண் குழந்தைகள்மீதான அக்கறை அன்று, பிறப்பு விகிதம் சரிந்ததே.

தெற்கில், மீகாங் படுகையில், கதை வேறு விதமாகத் திரும்பியது. 1990களின் நடுவிலிருந்து அங்கிருந்து ஏராளமான இளம்பெண்கள் தைவானுக்கும் பின்னர் தென்கொரியாவுக்கும் மணமகள்களாகப் போனார்கள். லாபத்துக்காகத் தரகு செய்வது சட்டத்துக்கு மாறானது என்றாலும் தரகர்கள் இல்லாமல் இவற்றில் பல நடக்கவில்லை. மகள்கள் அனுப்பிய பணத்தில் ஓட்டுவீடுகள் எழும்பிய ஊர்களில் பெண்பிள்ளைக்கு மதிப்பு கூடியது. அங்கேயே தங்கிய ஏழை ஆண்களுக்குப் பெண் கிடைப்பது அரிதாயிற்று. இதைப் பெண்ணின் விற்பனை என்று மட்டும் சொல்வதும், அவளுடைய துணிவு என்று மட்டும் கொண்டாடுவதும் அரைகுறைப் பார்வைகளே.

பெரிய தொழில்களிலும் அரசியலிலும் பெண்கள் உச்சிக்குப் போயிருக்கிறார்களே?

போயிருக்கிறார்கள். மேலே சொன்ன திருச்சி விமானத்தை இயக்கும் வியட்ஜெட் நிறுவனத்தை நடத்துபவர் நுயென் தி புவோங் தாவ் என்ற பெண்மணி. தென்கிழக்காசியாவில் சொந்த முயற்சியால் நூறு கோடி டாலர் சொத்துக்கு உயர்ந்த முதல் பெண் என்று அறியப்பட்டவர். நீச்சலுடைப் பெண்களைக் காட்டி விளம்பரம் தேடியதற்காக அபராதம் கட்டிய நிறுவனமும் அதுதான்! பால் நிறுவனமான வினாமில்க்கைப் பல பத்தாண்டுகள் நடத்திவருபவர் மாய் கியூ லியென். மறுமுனையில், தாயோடு சந்தையில் அழகுப்பொருள் விற்றுத் தொடங்கிய துருவோங் மி லான், வங்கி மோசடி வழக்கில் 2024 ஏப்ரலில் மரண தண்டனை பெற்றார். கையாடலுக்கு மரண தண்டனை கூடாது என்று 2025 இல் சட்டமே திருத்தப்பட்டது.

அரசியலில் ஏறுமுகம் சீரானது அன்று. 1970களின் நடுவில் தேசிய சட்டமன்றத்தில் ஏறத்தாழ 32 சதவீதம் பெண்கள். சீர்திருத்தம் தொடங்கிய கையோடு, 1987 தேர்தலில் அது சுமார் 18 சதவீதமாக விழுந்தது. 2021 இல்தான் மீண்டும் 30 ஐத் தாண்டியது. மன்றத்தின் முதல் பெண் தலைவராக நுயென் தி கிம் ங்கான் 2016 இல் பொறுப்பேற்றார்.

இப்போது என்ன நடக்கிறது?

விற்பனை கைப்பேசிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. சமையலறையில் நின்றபடியே முகநூல் நேரலையில் துணி விற்கும் இளம்பெண்கள் பலர். பழைய சந்தைக் கூடங்களில் வெறிச்சோடிய வரிசைகள் தெரிகின்றன.

2025 மே மாதத்தில் கட்சியின் அரசியல் குழு, தனியார் துறையே பொருளாதாரத்தின் மிக முக்கியமான உந்துவிசை என்று தீர்மானித்தது. 1978 இல் கடைகளைச் சோதனையிட்ட அதே கட்சி இதைச் சொல்ல 47 ஆண்டுகள் ஆயின. அடுத்த மாதமே, ஆண்டுக்கு 100 கோடி டொங்குக்கு (வியட்நாம் நாணயம்) மேல் விற்கும் சில்லறை வணிகம், உணவகம் போன்ற குடும்பக் கடைகள், வரித்துறையோடு இணைந்த கருவியில் மின்னணு ரசீது போடவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. குத்துமதிப்பாக ஒரு தொகையை வரியாகக் கட்டிப் பழகியவர்கள் பலர் கடையின் கதவை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். கணக்கு வழக்குத் தெரியாதவள் என்று இத்தனை ஆண்டுகள் சொல்லித் தப்பித்த பெண்ணின் முன்னால் இப்போது ரசீது இயந்திரம் இருக்கிறது. சிறுவணிகர் என்ற பெயரை விட்டுவிட்டு நிறுவனமாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள் என்று அரசு அழைக்கிறது. அவர்களில் சிலர் பதிவு செய்கிறார்கள். சிலர் கடையை மகளிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறார்கள்.